பஞ்ச் கார்டு இல்லாத ஆள்

ஞானதுரை சார் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை வந்தபோது அவர் உயிரோடு இருந்தார்.

நம் பழைய கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் அது வந்தது. காலையில் டீ ஆற்றிக்கொண்டே பார்த்தேன். "இட் இஸ் லேர்ன்ட்" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, மிஸ்டர் ஞானதுரை காலமாகிவிட்டதாக அறியப்படுகிறது என்று முடிந்தது. யாரால் அறியப்படுகிறது, அவரை யார் பார்த்தார்கள் என்று ஒரு சொல் இல்லை. நான் படித்து முடிப்பதற்குள் கும்பிட்ட கைகள் வரிசையாக விழத் தொடங்கிவிட்டன. அவருக்கு உடம்பு சரியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அவர் மனைவி எஸ்தர் அக்காவிடம் பேசலாம் என்று சாருடைய எண்ணையே கூப்பிட்டேன். சாரே எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்," என்றார்.

டீ கீழே கொட்டியதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

"நான் போயிட்டேனாம்லா? இப்பதான் வாசிச்சுக்கிட்டு இருக்கேன். எல்லாரும் நல்லாத்தான் எழுதியிருக்காவ," என்றார். சிரித்தார். பிறகு இருமினார். இருமல் ஓய்ந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா மேடம், எவரும் வீட்டுக்கு வந்து பார்க்கலையே. யாரு பார்த்தாவளாம்?"

அந்தக் கேள்வியை நீங்கள் எல்லாரும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். "யாரு பார்த்தா?" கேட்டுக் கேட்டு நம்மை எரிச்சல்படுத்தியவர்தான். அவரை அறியாதவர்களுக்காக, அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் ஞானதுரை சார். எங்கள் பனியன் கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்குப் போகிற மெயில் எல்லாம் அவர் கையால்தான் போகும். நான் அங்கே குவாலிட்டி பார்த்தேன். சரக்கு தாமதமானால், சாயம் மாறினால், தையல் பிரிந்தால் முதலாளி அவர் மேசைக்குத்தான் வருவார். சாரும் அசராமல் டைப் அடிப்பார். தாமதம் ஏற்பட்டதாகத் தெரிகிறது. சாயம் மாறியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. தவறு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. ஆங்கிலத்தில் இதற்கென்றே பாதை போட்டு வைத்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் எழுதுகிற மெயிலும் இப்படித்தான் இருக்கிறது என்பார். இட் இஸ் ஃபெல்ட், இட் இஸ் அண்டர்ஸ்டுட், இட் வாஸ் ஃபவுண்ட். அதில் வருகிற அந்த 'இட்'டுக்கு அவர் ஒரு பெயர் வைத்திருந்தார். பஞ்ச் கார்டு இல்லாத ஆள், அதாவது வருகைப் பதிவு அட்டையே இல்லாமல் வேலை பார்க்கிறவன்.

"நம்ம கம்பெனியில எல்லாத் தப்பையும் செய்யிறது அவன்தான் மேடம். கண்டுபிடிக்கிறதும் அவன்தான். மன்னிப்புக் கேக்கிறதும் அவன்தான். சம்பளம் மட்டும் வாங்குறதில்ல," என்பார். நாங்கள் சிரிப்போம். மெயில் ஏதும் வம்பாக வந்தால், "சார், உங்க ஆளைக் கூப்பிடுங்க," என்போம். அவரும் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார்.

ஸ்பாட் ரூமில் நடந்ததற்குப் பிறகு அவர் அந்த நாற்காலியைப் போடவில்லை.

துணியில் விழுந்த எண்ணெய்க் கறையை கெமிக்கல் அடித்து எடுக்கிற சின்ன அறை அது. அங்கே ஏதோ இருக்கிறது என்று பெண்களுக்குள் பேச்சு கிளம்பியது. நின்று வேலை செய்யும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்குமாம். பெயரைச் சொல்லிக் கூப்பிடுமாம். திரும்பினால் ஆள் இருக்காதாம். நான் போய்க் கேட்டேன். "ஆமாங்க மேடம், இருக்குதுங்களாமா," என்றார்கள். "நீ பார்த்தியா கண்ணு?" என்றால், "நான் பார்க்கலீங்க, சொல்றாங்க," என்றார்கள். ஒருநாள் மத்தியானம் ருக்குமணி, "ஏனுங்க?" என்று யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே திரும்பி, அப்படியே விழுந்தாள். அந்த அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

ருக்குமணி பிழைத்துக்கொண்டாள். ஆனால் விஷயம், ஃபேக்டரியைச் சோதிக்க வருகிற பையரின் ஆடிட்டர் காதுக்குப் போய்விட்டது. முதலாளி வந்து சாரிடம் சொன்னதை நான் அடுத்த மேசையில் இருந்து கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே நோய் இருந்ததாகக் கண்டறியப்பட்டது என்று எழுது, அவளையும் நிறுத்திவிடலாம் என்றார். புருஷன் இல்லாதவள் ருக்குமணி. வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. கூடவே பேய் பிடித்தவள் என்ற பெயரும் சேர்ந்தால் வேறு எந்த கம்பெனியும் எடுக்காது.

சார் எழுதிவிட்டார். ஆனால் அனுப்பவில்லை. எழுந்து நேராக ஸ்பாட் ரூமுக்குப் போய், ருக்குமணி நின்ற இடத்தில் கெமிக்கல் அடிக்கிற கன்னைப் பிடித்துக் கறை எடுக்க உட்கார்ந்துவிட்டார். நான் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. வெளியே வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டுச்சு மேடம்."

"யாருங்க சார்?"

"யாருமில்ல. ஆனா கூப்பிட்டது என் குரல்லா."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் அந்தச் சொற்களை நினைத்தால் அப்படித்தான் இருக்கிறது.

அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதில் ஒரு எக்சாஸ்ட் ஃபேன். இரண்டையும் அட்டைப்பெட்டி வைத்து டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். கெமிக்கல் நெடி போக வழியே இல்லை. யார் அடைக்கச் சொன்னது என்று சார் கேட்கத் தொடங்கினார். ஹெல்பர், "சூப்பர்வைசர் சொன்னாருங்க," என்றார். சூப்பர்வைசர், "புரொடக்‌ஷன்ல சொன்னாங்க," என்றார். புரொடக்‌ஷன் மேனேஜர், "மேல இருந்து சொன்னாங்க," என்றார். மேலே என்றால் முதலாளி. அவரோ, "நான் எதுக்குய்யா ஜன்னலை அடைக்கச் சொல்றேன்?" என்று கத்தினார். கேள்வி ஃபேக்டரியைச் சுற்றிச் சுற்றி வந்தது. சொன்னவர் எவருமில்லை. அறை மட்டும் அடைபட்டிருந்தது.

கடைசியில் சூப்பர்வைசர் அவரை நோட்டீஸ் போர்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். வெள்ளை சரக்கு ஓடும் நாட்களில் தூசி விழாமல் எல்லாத் திறப்புகளும் மூடப்பட வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறது. இங்கிலீஷிலும் தமிழிலும் இருந்தது. கீழே பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. நாங்கள் எல்லாரும் தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போவோம். சார் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"நான் எழுதுனது மேடம். துணி வெட்டுற கட்டிங் செக்‌ஷனுக்காக எழுதுனேன். மறந்தே போச்சு," என்றார். பிறகு, "அவன் இங்கதான் இவ்வளவு நாளா வேலை பார்த்திருக்கான்," என்றார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

பையருக்கு அன்றைக்குப் போன மெயில் 'நான்' என்று தொடங்கியது. ஜன்னலை மூடச் சொல்லி எழுதியவன் நான், என் பெயர் ஞானதுரை, அந்தப் பெண்ணுக்கு எந்த நோயும் இல்லை. ருக்குமணிக்கு வேலை நிலைத்தது. சாருக்குப் போய்விட்டது. ஜன்னலைத் திறந்த பிறகு அந்த அறையில் யாரையும் எதுவும் கூப்பிடவில்லை.

அப்புறம் சின்னச் சின்ன யூனிட்டுகளில்தான் அவர் காலம் ஓடியது. வறுமை என்று சொல்ல முடியாது, வசதி என்றும் சொல்ல முடியாது. ஆனால் எதைச் சொன்னாலும் "யாரு பார்த்தா?" என்று நிற்கிற வழக்கம் வந்துவிட்டது. சிலர் அவரைக் கண்டால் விலகிப் போனார்கள். நானும் ஒன்றிரண்டு முறை சண்டை போட்டிருக்கிறேன்.

முதல் செய்திக்கு வருகிறேன். அவர் குழுவில் "நான் இருக்கிறேன். ஞானதுரை" என்று தானே எழுதினார். கும்பிட்ட கைகள் நின்றன. பிறகு ஒருவர், இறந்தவர் எண்ணிலிருந்து மெசேஜ் வருகிறது, யாரோ விளையாடுகிறார்கள் என்று எழுத, அட்மின் அந்த எண்ணைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நான் போட்ட சண்டையில், முந்தைய செய்தி உறுதிப்படுத்தப்படவில்லை எனத் தெரிவிக்கப்படுகிறது என்று ஒரு வரி வந்தது. அதற்கும் சொந்தக்காரர் இல்லை. அவரைத் திரும்பச் சேர்க்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைப் பார்க்க, அவர் குடியிருந்த மண்ணரைக்குப் போனேன். எஸ்தர் அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "உள்ள போங்க, தூங்குதாவ," என்றார். போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. போர்வையின் ஓரம் அசைந்துகொண்டிருந்தது, அதனால் மூச்சு விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கூப்பிட்டேன். கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது. மூக்கருகே விரலை வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி கிடந்தது. அதில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை.

வாசலுக்கு வந்தேன். அக்கா வாயில் துணி கிளிப்பைக் கவ்விக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்போது எனக்கும் பஞ்ச் கார்டு இல்லாத அந்த ஆள் தேவைப்பட்டான். டாக்டர் வரட்டும், அவர் சொல்லட்டும் என்று தோன்றியது. தெரிகிறது, இருக்கலாம், போலிருக்கிறது என்று நாக்கு தடுமாறியது. பிறகு சொல்லிவிட்டேன்.

"அக்கா, சார் போயிட்டாருங்க. நான் தொட்டுப் பார்த்தேன்."

குழுவிலும் எழுதினேன். ஒரு கும்பிட்ட கைகூட வரவில்லை. "இதுவும் அதே மாதிரியா?" என்று ஒருவர் கேட்டார். "கன்ஃபர்ம் ஆகட்டும்," என்றார் இன்னொருவர். கல்லறைக்கு அவரைத் தூக்கிப்போக ஆள் போதாமல் பக்கத்து யூனிட்டில் வேலை பார்க்கும் வடநாட்டுப் பிள்ளைகள் தோள் கொடுத்தார்கள். ருக்குமணி வந்து கடைசி வரை நின்றாள்.

இப்போது இன்னொரு பேச்சு நடக்கிறது. சோமனூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தார்களாம். நூல் கடை முன்னால் நின்றாராம். கூப்பிட்டால் திரும்பாமல் போனாராம். நேற்றுகூட ஒருவர் போன் செய்து, "சார் இருக்காருங்களாமா?" என்று என்னிடமே கேட்கிறார். போனை வைத்த பிறகு, வாசல் பக்கம் நானும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். ஒரு மனிதனை உயிரோடு இருக்கையில் சாகடித்தோம். செத்த பிறகு சாகவும் விடமாட்டோம் என்கிறோம். எனக்கு இதில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

அவருடைய பேனாவோ கண்ணாடியோ என்னிடம் இல்லை. என் வலது கையில் அந்தச் சில்லிப்பு மட்டும் இருக்கிறது. வெந்நீரில் வைத்தாலும் போகவில்லை. போக வேண்டாம். ஞானதுரை சார் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்ணரையில், அவர் வீட்டுக் கட்டிலில் இறந்தார். யார் பார்த்தது என்று கேட்டால், இதை எழுதுகிற சரஸ்வதி, நான் பார்த்தேன்.