வருடத்துக்கு ஒரு பொய் வைத்தவர்

மாசிலாமணி சார் இறந்துவிட்டார் என்ற செய்தி காலை ஆறரை மணிக்கு எங்கள் அச்சகத்தின் வாட்ஸப் குழுவில் வந்தது. அனுப்பியவர் முதலாளி கரீம் பாய். "நம்ம மாசி போயிட்டாரு" என்று மூன்றே சொல். நான் நம்பவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு பாடகருக்குப் போன வருடம் அதே குழுவில் நாங்கள் எல்லோரும் அஞ்சலி செலுத்தியிருக்கிறோம். ஒரு வாயிலிருந்து மட்டும் வரும் செய்தியை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. சாரின் எண்ணுக்கே போன் செய்தேன். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா எடுத்தார்.

"நீ பண்ணுவேன்னு தெரியும்மா. பாய் சொன்னா பத்தாதா உனக்கு? நிஜந்தான். காபி குடிச்சிட்டு உக்காந்தாரு. நெஞ்சு ஒருமாதிரி இருக்குதுன்னாரு. அவ்ளோதான்."

அதற்கு மேல் சந்தேகப்பட எனக்கு இடமில்லை. சிதம்பரத்திலிருந்து கிடைத்த முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் அச்சகத்தில் ஒவ்வொரு ஆண்டும் தினசரிக் காலண்டர் அடிக்கிறோம். மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் கொடுப்பார்களே, நாளுக்கு ஒரு தாளாகக் கிழிப்பது, அதுதான். தேதிக்குக் கீழே ராகு காலம், நல்ல நேரம். அதற்கும் கீழே, கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில், "தெரியுமா?" என்று ஒரு வரி. ஆக்டோபஸுக்கு மூன்று இதயங்கள். வெள்ளிக் கிரகத்தில் ஒரு வருடத்தைவிட ஒரு நாள் நீளம். அந்த வரிகளை எல்லாம் எழுதியவர் மாசிலாமணி சார். கிழித்து எறிகிற தாளில் அவர் பெயர் ஒருநாளும் வந்ததில்லை.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் நான் அங்கே மெய்ப்புத் திருத்தச் சேர்ந்தேன். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவள். நான் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்ததில்லை. ஆனாலும் முதல் நாளே கரீம் பாய் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். முகம் அப்படி இருக்கிறதாம். சார் என்னை மேடம் என்பார்.

அவர் வேலை செய்யும் முறையே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. போன ஆண்டுக் காலண்டர் தாள்களின் வெற்றுப் பக்கத்தில்தான் எழுதுவார். நடுவில் செய்தி, கீழே, "யார் சொன்னது" என்று போட்டு ஒரு பெயர். எழுதிய தாளை மாத வாரியாகப் பன்னிரண்டு கம்பிகளில் குத்தி வைப்பார், கடைகளில் பில் குத்துவது போல. பெயர்களைப் பார்த்தேன். "நெல்லிக்குப்பம் கம்பவுண்டர்." "பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்." எனக்குக் கோபம் வந்தது.

"இதெல்லாம் ஆதாரமா சார்?"

"அது ஆதாரம் இல்ல மேடம், ஆரம்பம். சொன்னவங்க பேரு இல்லாத சேதி எனக்கு வேணாம். அப்புறம்தான் நான் லைப்ரரிக்குப் போவேன்."

போவதாக அவர்தான் சொன்னார். போனதை நான் பார்க்கவில்லை. ஆகவே அந்த முதல் ஆண்டு மெய்ப்பில், வரிக்கு வரி கேள்விக்குறி போட்டேன். தாவரவியல்படி வாழைப்பழம் ஒரு பெர்ரி என்பதற்குப் போட்டேன். மிளகாய் கடல் கடந்து வந்த காய் என்பதற்குப் போட்டேன். இரண்டும் சரி என்று அவர் புத்தகத்தோடு வந்து காட்டினார். மிளகாய் விஷயத்தில் கரீம் பாய்க்கே மனம் ஆறவில்லை. "அப்ப அந்தக் காலத்துல நம்மாளு காரத்துக்கு என்னாய்யா பண்ணான்?" என்றார். "மிளகு பாய், மிளகு. நம்ம ஊருது. நாமதான் அத மறந்துட்டோம்."

"பிச்சாவரத்தில் மரம் குட்டி போடும்" என்ற வரியை மட்டும் நான் சிவப்பு மையால் முழுவதும் அடித்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்துக் காடு. எனக்குத் தெரியாதா என்ற எண்ணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாரும் ஸ்டெல்லா அக்காவும் சிதம்பரத்துக்கே வந்து என்னைப் பிச்சாவரம் அழைத்துப் போனார்கள். துடுப்புப் போட்டவர் அந்தப் பக்கத்து மீனவர். சுரபுன்னைக் கிளைக்குக் கீழே படகை நிறுத்தினார். பச்சை முருங்கைக்காய் போல நீளமாகப் பல தொங்கின.

"இது காயி இல்லம்மா, கன்னு," என்றார் அவர். "வெத மரத்துலயே மொளச்சுடும். இவ்ளோ நீளம் ஆனதும் கீழ வுழும். சேத்துல குத்திக்கினு அப்பிடியே வேர் வுடும்."

ஒன்றைப் பிடித்து, நூல் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று காம்பைத் தடவிப் பார்த்தேன். படகுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னா சார், இந்தம்மா போலீசா?"

"அதுக்கும் மேல. ப்ரூப் ரீடர்," என்றார் சார்.

தோற்ற எரிச்சலில், திரும்பும் வழியில் நான் சொன்னேன்: "ஒன்று நிஜமாக இருந்தால் மீதி முந்நூற்று அறுபத்து நாலும் நிஜமாகிவிடாது." அவர் சொன்னார்: "சரி மேடம். இனிமே வருசத்துக்கு ஒண்ணு, வேணும்னே பொய் வைக்கிறேன். நீங்க கண்டுபிடிங்க. மெஷின் ஓடுற அன்னிக்குக் காலைல வரைக்கும் டைம். கண்டுபிடிக்கலைன்னா நானே எடுத்துடறேன். பொய்யி வாசலத் தாண்டிப் போவக் கூடாது."

நான் தோற்றால் வீட்டிலிருந்து சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு கொண்டுவர வேண்டும். அவர் தோற்றால் பண்ருட்டி முந்திரி. கரீம் பாய்க்கு இந்த ஏற்பாட்டைக் கேட்டதும் வியர்த்துவிட்டது. ஆனால் மெய்ப்பில் பிழைகள் குறைந்ததைப் பார்த்து விட்டுவிட்டார். நெருப்பு வளையத்தில் தேள் தன்னைத் தானே கொட்டிக்கொண்டு சாகும் என்று ஓர் ஆண்டு வைத்தார், பிடித்தேன். ஒட்டகத் திமிலில் தண்ணீர் என்று வைத்தார்; அது எனக்கே வெட்கமான அளவுக்கு எளிது. இரண்டு முறை கொத்சு கொண்டுபோயிருக்கிறேன். அவர் வேறு எதையாவது மறைக்கிறாரோ, ஒன்றுக்கு இரண்டாக வைக்கிறாரோ என்று ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. கேட்டால், "சந்தேகப்படுங்க மேடம், நல்லது," என்பதோடு சரி.

அவரை நான் முழுமையாக நம்பிய நாள் ஒன்று உண்டு. சிதம்பரத்துக் கடைக்காரர் ஒருவர் பெரிய ஆர்டரோடு வந்தார். எங்கள் ஊர்க் கோயில் பூமியின் காந்த மையத்தில் இருக்கிறது என்று போட வேண்டும் என்றார்.

"யாரு சொன்னது?" என்று சார் பேனாவை எடுத்தார்.

"வாட்ஸப்ல வந்துச்சு சார்."

"வாட்ஸப்புக்கு அப்பா பேரு என்னா?"

கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. ஊர்ப் பெருமை ஆயிற்றே, ஆர்டரும் ஆயிற்றே, வளைந்துவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். சார் தணிந்த குரலில் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. அங்க வர்ற சனம் காந்தத்துக்கா வருது? அவுங்க எதுக்கு வர்றாங்களோ அதுக்கு வரட்டும். நாம எதுக்கு நடுவுல பொய்யி சேக்கணும்?" ஆர்டர் போய்விட்டது. கரீம் பாய் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இந்த ஆண்டு பங்குனி வெயிலில் ஒருநாள் மதியம். ஸ்டெல்லா அக்கா பாகற்காய் வதக்கிக் கொடுத்திருந்தார். கசக்கும், வேண்டாம் என்றேன். பிறகு மரியாதைக்கு ஒரு துண்டு எடுத்து முன்பல்லால் கடித்தேன். "நுனி நாக்கில் வைத்துக்கொண்டால் தெரியாது சார். நுனிக்கு இனிப்புதான். கசப்பு அடி நாக்கில்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பிடியா மேடம்?" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு பழைய தாளை எடுத்து எழுதிக்கொண்டார். என் செய்தி ஒன்று காலண்டரில் வருகிறதே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அவருடைய சொந்த ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே வந்தபோது கரீம் பாய் என் பக்கத்தில் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "கேக்கக் கூடாத நேரம் டீச்சர். திங்கக்கெழம மெஷின் ஓடணும். இந்த வருசத்து ஒண்ணு எதுன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

சொல்லவில்லை. நானும் இன்னும் பிடிக்கவில்லை. முந்நூற்று அறுபத்தைந்து வரிகளில் எங்கோ ஒன்று பொய். அதை அறிந்தவர் மண்ணுக்குள் இருந்தார். பொய் வாசலைத் தாண்டக் கூடாது என்றவரின் கடைசிக் காலண்டர், பொய்யோடு வீடு வீடாகப் போய்த் தொங்கப்போகிறது.

"பேசாம தெரியுமாவையே எடுத்துடலாமா?" என்றார் பாய். "ராகு காலம் மட்டும் போதும். அத யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"அந்த வரிகளை எடுத்தால் அவரையே எடுத்த மாதிரி பாய். திங்கள் காலை வரை டைம் கொடுங்கள்."

ஸ்டெல்லா அக்காவிடம் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம். "என்கிட்டயா? உன்கிட்ட சொல்லிடுவேன்னு பயந்து என்கிட்ட எதையும் சொல்ல மாட்டாரும்மா," என்றார். அந்த வீட்டில் அன்று யாராவது சிரித்தார்கள் என்றால் அது அப்போதுதான், நாங்கள் இருவரும்.

சனியும் ஞாயிறும் பன்னிரண்டு கம்பிகளையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தாளையும் உருவி, செய்தியைச் சரிபார்த்து, ஒரு டிக் போட்டு, மறுபடி குத்தினேன். நூலகத்தில் பார்த்தேன், போனில் பார்த்தேன், ஒரு மருத்துவரையும் ஒரு மீன் வியாபாரியையும் தொந்தரவு செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் இந்த ஆண்டு பொய்யே வைக்கவில்லையா? வைத்ததாக நம்பவைத்து என்னை அலையவிட்டதுதான் இந்த ஆண்டுப் பொய்யா? செத்தவர்மேல் இப்படிச் சந்தேகப்படுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டேன்.

திங்கள் காலை, மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டிக்குகளை மட்டும் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தேன். ஆகஸ்ட் கம்பியில் ஒரு தாள். "நாக்கின் நுனியில் இனிப்பு மட்டுமே தெரியும், கசப்பு அடி நாக்கில்தான்." டிக் இருந்தது. ஆனால் அதை எங்கே சரிபார்த்தேன் என்று நினைவில்லை. கீழே அவர் கையெழுத்து: "யார் சொன்னது: மேடம்."

நான் சரிபார்க்கவே இல்லை. என் பெயரைப் பார்த்ததும் கை தானாக டிக் போட்டிருக்கிறது.

போனில் தேடினேன். அந்தப் படம் தவறு என்று இருந்தது. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கமும் தெரியுமாம். நான் மார்க் வாங்கிய படம். அப்போதும் மனம் ஒப்பவில்லை. போனில் எவர் வேண்டுமானாலும் எதையும் எழுதலாமே. அச்சகத்தின் பின்பக்கம் ஒரு வேப்பமரம் நிற்கிறது. ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி, நாக்கின் நுனியில் மட்டும் படும்படி வைத்துக்கொண்டு நின்றேன். வாயை மூடவில்லை. சற்று நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கசந்தது. நுனியிலேயே கசந்தது.

"டீச்சர், ஓட்டலாமா?" என்று பாய் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

வாய் கொப்பளிக்காமல் உள்ளே போனேன். மெய்ப்பிலும் தாளிலும் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, பதினேழு ஆண்டுகளுக்கு முன் நான் அடித்த வரியை அதன் இடத்தில் எழுதினேன்: "பிச்சாவரத்தில் மரம் குட்டி போடும்." தாளின் கீழே, யார் சொன்னது என்ற இடத்தில், மாசிலாமணி என்று எழுதினேன். அது அச்சில் வராது, கம்பியில் இருக்கும்.

"வேற எதுவும் இருக்காதே?" என்றார் பாய்.

"தெரியவில்லை பாய்," என்றேன். உண்மை அதுதான். மெஷின் ஓட ஆரம்பித்தது. நுனி நாக்கில் கசப்பு அப்படியே இருந்தது.

கண்டுபிடித்துவிட்டேன், சார். இந்த முறை நேரத்தோடு. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.