கம்பியைப் பிடித்திருந்த இரண்டு நிமிடம்

யாங்கோனில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே இதய ரத்தக்குழாய் அடைப்பு நீக்கும் அறையில் இருபத்தொரு வருடமாக நர்ஸாக இருந்தாள், அந்த ஊரின் தாகேதா பகுதிக்காரி இராஜகுமாரி. எக்ஸ்ரே கதிருக்காக உடுத்தும் ஈயக் கவசம் அவள் இடுப்பெலும்பை எப்போதோ கெடுத்துவிட்டது. பஸ்ஸில் இடம் கிடைக்காத நாட்களில் கால் இழுக்கும்.

போன வருடம் அந்த அறைக்கு ரோபோ வந்தது. கட்டிலோரம் ஓர் இயந்திரக் கை. டாக்டர் இனாயத்துல்லா கண்ணாடிக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்புவார். இங்கே அந்தக் கை கம்பியை இம்மி இம்மியாக ரத்தக்குழாய்க்குள் தள்ளும். அவருக்கு இனிக் கவசம் வேண்டாம். ஆனால் கம்பியை இயந்திரத்தில் பொருத்த ஒருவர் கட்டிலருகே நின்றாக வேண்டும். அது இராஜகுமாரி. அவள் கவசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு நாள் அவள் அண்ணன் ஏசுரத்தினத்தை நெஞ்சுவலியோடு கொண்டுவந்தார்கள். இன்சீன் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“வேறு யாரையாவது நிறுத்தட்டுமா, மா குமாரி?” என்று டாக்டர் பர்மிய மொழியில் கேட்டார்.

“வேண்டாம், ஸயா.” டாக்டர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்; பெண்கள் பெயருக்கு முன்னால் மரியாதையாக ‘மா’ சேர்ப்பார்கள். அந்த இயந்திரம் தெரிந்த இன்னொருத்தி போன மாதம் சிங்கப்பூர் போய்விட்டாள்.

மணிக்கட்டில் மட்டும்தான் மரப்பு ஊசி. அண்ணன் விழித்திருந்தார்.

“குமாரி, டாக்டரைக் காணோமே?”

“கண்ணாடிக்கு அந்தாண்டை இருக்கார் அண்ணே.”

“அங்க இருந்துக்கிட்டா பண்றாரு?”

“ஆமா. அவர் ஓட்டுவார், மெஷின் செய்யும்.”

“நல்ல மெஷினா?”

“நல்ல மெஷின்தான். பேசாம படுங்க.”

கம்பி அடைப்பைத் தாண்டியது. பலூன் விரிந்து சுருங்கியது. ஸ்டென்ட் பாதி வழி போயிருந்தபோது மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. விளக்கு வந்தது, படத்திரை வந்தது. இயந்திரக் கை மட்டும் அசையவில்லை.

“கம்பியைக் கழற்றிக் கையில் பிடி. நகரவிடாதே. வருகிறேன்,” என்றது ஒலிபெருக்கி.

இயந்திரக் கையின் மூடியைத் திறந்து கம்பியை இரண்டு விரலால் பிடித்தாள். முடி மாதிரிக் கம்பி. நழுவினால் குழாய் திரும்ப மூடிக்கொள்ளலாம். அப்படி இரண்டு பேர் போனதை அவள் பார்த்திருக்கிறாள். டாக்டர் பல மாதமாகத் தொடாத கவசத்தை அலமாரியில் தேடிக்கொண்டிருந்தார். அவர் அதைக் கட்டிக்கொண்டு, கையுறை போட்டு வர வேண்டும்.

“நெஞ்சு அடைக்குது குமாரி.”

“தெரியும்ணே. மெதுவா மூச்சு விடுங்க.”

“ஜெயம்மாகிட்ட…”

“அண்ணிகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க.”

ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. பயம் வருமென்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. இது அண்ணன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். படுத்திருப்பவர்களில் இன்னொருவராகவே அவர் இருந்தார். அவள் விரல் ஆடவில்லை.

இரண்டு நிமிடம் கழித்து டாக்டர் வந்து கம்பியை வாங்கிக்கொண்டார். கையாலேயே ஸ்டென்ட்டை வைத்து முடித்தார். வெளியே அண்ணி ஜெயம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒண்ணும் ஆகலை அண்ணி,” என்றுவிட்டு அடுத்த நோயாளிக்கு ஊசி எடுத்து வைக்கப் போனாள்.

அக்டோபரில், ஞாயிறு ஆராதனை முடிந்து, டீக்கடையில் அண்ணன் கேட்டார்.

“அன்னிக்கு லைட்டு போச்சே, அப்ப என்ன ஆச்சு?”

“மெஷின் நின்னுடுச்சு. நான் பிடிச்சுக்கிட்டேன்.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “பயந்துட்டியா?”

“இல்லைண்ணே.”

தைரியசாலி என்று அவர் தலையை ஆட்டினார். அது தைரியமில்லை, அன்று அவர் அண்ணன் என்றே தோன்றவில்லை என்று அவளுக்குத் தெரியும். டீயைக் குடித்து முடித்தாள்.

மறுநாள் ஒரு மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். இன்னொருவர் பழகும்வரை முடியாது என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டுக் கவசத்தைக் கட்டிக்கொண்டாள்.