சித்தேரி நண்டு

அரூர் பேருந்து நிலையத்தில் என்னருகே அமர்ந்திருந்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. அவருடைய சுடிதாரில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. தென்பெண்ணையில் சேரும் ஓடைகளில் எந்த நண்டு எங்கே வாழ்கிறது என்று வரைபடம் தயாரிக்கிறாராம். ஒவ்வோர் ஓடையிலும் செருப்பையும் வலையையும் கழுவிவிட்டுத்தான் கிளம்புவாராம். சொல்லிக்கொண்டே வலையை உதறினார். மடிப்பிலிருந்து குட்டி நண்டு ஒன்று விழுந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

“சித்தேரி மலை ஓடையில இருந்து வந்துடுச்சுங்க.”

“பக்கத்துல வாணியாறு இருக்குது. அதுல வுட்டுடுங்க,” என்றேன்.

“நாளைக்கு யாராச்சும் பாத்துட்டு, இங்கயே இருந்த நண்டுன்னு எழுதிடுவாங்க. மேப்பே பொய்யாயிடுங்க.”

நண்டை வாளியில் போட்டு ஈரத்துணியால் மூடிக்கொண்டு, தான் இறங்கிவந்த பேருந்திலேயே திரும்ப ஏறினார்.

“மறுபடியும் மலைக்கா?” என்றார் நடத்துனர்.

“ஒருத்தர வூட்ல வுட்டுட்டு வரணுங்க.”

நடத்துனர் சிரித்தார். மாணவி சிரிக்கவில்லை, வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.