ஒரு சாரத்தக் கட்டிருங்க

நான். என் மனைவி லூர்து. மச்சான் சவரி. எதிரே பையனின் அப்பா. பக்கத்தில் பையனின் அம்மா. போன ஞாயிற்றுக்கிழமை காலை தூத்துக்குடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான். பையன் ஹார்பரில் ஷிப்ட் முடிந்து வருவான் என்றார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம். பையன் முன்பு எங்கள் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவன். அப்போது என் மகள் ஜெனியோடு பழக்கம்.

"நேர்ல போயி பாத்துட்டு வாங்கப்பா. சரின்னா சரி. வேண்டாம்னா வுட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டாள். இப்படிச் சொல்கிற பிள்ளையிடம் என்ன பேசுவது? ரயில் ஏறிவிட்டோம்.

லூர்துக்கு மனசில்லை. "அவ்ளோ தூரத்துல குடுத்துட்டு, ஒரு தலவலின்னா யாரு போயி பாக்குறது?" வழியெல்லாம் அதே பேச்சு. நியாயம்தானே...

ஊருக்குள் நுழையும்போதே உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்தார்கள். எங்கள் பக்கம் சிமெண்ட் தூசியில் மரமெல்லாம் வெளுத்திருக்கும். "இங்கயும் வெள்ளதான் மச்சான்" என்றான் சவரி. கடலையும் பார்த்தோம். வேளாங்கண்ணிக் கடல் அலையடிக்கும். இது ஏரி மாதிரி சும்மா கிடந்தது.

என் தொழிலைச் சொல்லவில்லையே. சாரம் கட்டுவது. சுவரோரம் சவுக்குக் கம்பு நட்டு, கயிறு போட்டு, கொத்தனார் ஏறி நிற்க வழி செய்வது.

காபி குடித்ததும் பையனின் அப்பா பையை எடுத்தார்.

"நல்ல மீனா வாங்கிட்டு வந்துருதேன். அண்ணாச்சி, அதுக்குள்ள ஒரு சாரத்தக் கட்டிருங்க. பொறவாசல்ல கிடக்கு, எடுத்துக்கிடுங்க."

அவருக்கு மீன் பார்த்து வாங்கத் தெரியாது என்று அம்மாவும் பின்னாலேயே போய்விட்டார்.

புறவாசலுக்குப் போனேன். கொடியில் துணி காய்ந்தது. மாடிச் சுவர் பூசாமல் நின்றது. கீழே சவுக்குக் கம்பும் கயிறும் கிடந்தன. அவர் சொன்னது சரி.

லூர்து முகம் சிவந்துவிட்டது. "வந்த அன்னைக்கே பொண்ணு வூட்டுக்காரர வேல வாங்குறாங்க. நம்ம புள்ளய என்ன பாடு படுத்துவாங்க? வாங்க, போவலாம்."

பேசினால் சண்டை. கட்டினால் வேலை. வேட்டியை மடித்துக்கொண்டு ஏறினேன். சவரி கம்பு பிடித்தான். கட்டி முடிப்பது, சாப்பிடாமல் கிளம்புவது, ஜெனிக்கு போன் போட்டு வேண்டாம்மா என்பது — முடிவு பண்ணியாச்சு.

கடைசி முடிச்சுப் போடும்போது பையன் வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"மாமா... என்ன மாமா இது?"

"அப்பாதான் கட்டச் சொன்னாரு."

"என்ன கட்டச் சொன்னாவ?"

"சாரம்."

கொடியில் கிடந்த கைலி ஒன்றை உருவினான்.

"எங்க ஊர்ல இதத்தான் மாமா சாரம்னு சொல்லுவோம். ரயில்ல வந்த வேட்டிய மாத்திட்டுக் காத்தாட இருங்கன்னு சொல்லிருப்பாவ."

சவரி கம்பை விட்டுவிட்டுச் சிரித்தான். லூர்து முந்தானையால் வாயைப் பொத்தினாள். பையன் சிரிக்கவில்லை. "எறங்குங்க மாமா, கை கழுவத் தண்ணி ஊத்துதேன்" என்றான். அதைக் கவனித்தேன்.

"அரியலூர்ல சாரம் வேணும்னா நீ என்ன பண்ணுன?"

"ஜவுளிக்கடை எங்கன்னு தெரியல மாமா. சாரம் எங்க கிடைக்கும்னு கேட்டேன். கட்டட சாமான் கடைக்கு அனுப்பிட்டாங்க. ஜெனி இன்னும் அதச் சொல்லிச் சிரிப்பா."

ஒரே வார்த்தைதான். ஒரு ரயில் ஏறி இறங்கினால் சுவரை விட்டு இடுப்புக்கு வந்துவிடுகிறது. சம்பந்திச் சண்டைகளில் எத்தனை இப்படிக் கிளம்பியிருக்கும்? யார் கேட்டுப் பார்த்தார்கள்?

பையனின் அப்பா மீனோடு வந்தார். மாடியைப் பார்த்தார். "ஏ... ஆள் கிடைக்காம கிடந்த சொவருல்லா. யாரு கட்டுனது?" மகன் சொன்னான். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சிராதிய அண்ணாச்சி."

"நெனச்சேன். இப்ப இல்ல."

லூர்துதான் மிச்சத்தைப் பேசினாள். "இனிமே எதுவா இருந்தாலும் கையால தொட்டுக் காட்டிச் சொல்லுங்கண்ணே." இனிமே என்றாளே... எனக்கு அது போதும்.

ஜெனி போன் பண்ணினாள். "என்னப்பா, சரியா?"

"சாரம் கட்டியாச்சும்மா."

மெதுவாகக் கேட்டாள். "எந்தச் சாரம்ப்பா?"

"ரெண்டும்."

மத்தியானம் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டோம். சாரம் கட்டியிருந்தவர்கள் நாலு பேர்.