வான்கூவரில் மழை

இன்டர்லாக்கன் பஸ் தரிப்பிடத்தில் காலை வேளைகளில் அந்த அண்ணையைக் காண்பேன். ஹோட்டல் குசினியில் வேலை. நரைத்த மீசை, கழுத்துவரை இழுத்துப் பூட்டிய நீல ஜக்கெட். குடை மட்டும் இருக்காது. ஏப்ரலில் அங்கே வெயிலை நம்பி வெளிக்கிட்டால் ஏரிக்கரைக்கு வரமுன் பனி கொட்டும். அவரோ நனைந்துகொண்டே போனில் வானிலை பார்ப்பார்.

ஒருநாள் அவரை என் குடைக்குள் கூப்பிட்டேன்.

"வெதர் பாத்தும் குடை கொண்டுவரேல்லையோ, அண்ணை?"

"இது இஞ்சத்தை வெதர் இல்லைத் தங்கச்சி, வான்கூவர். மகள் அங்க இருக்கிறாள். கடல்காத்து வந்து மலையில முட்டுற இடம். ஸ்பிரிங்கில காலமை வெயில், மத்தியானம் மழை. பின்னேரம் என்னெண்டு அவங்களுக்கே சொல்லேலாது."

"அப்ப மகளுக்கு முதலே சொல்லிவிடுவியளோ?"

"சீச்சீ, ஒண்டும் தெரியாத மாதிரித்தான் கேப்பன். அவள் என்னோட கோவம். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தால் வெதர் மட்டும்தான் கதைப்பாள். வெயில் எண்டால், 'நல்லம் அப்பா' எண்டு வைச்சிடுவாள். மழை எண்டால் பஸ் பிந்தினது, சப்பாத்து நனைஞ்சது எண்டு கொஞ்சம் நீளும்."

பஸ் வந்தது. ஈரத் திரையை ஜக்கெட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்த ஞாயிறு வெயிலாம். ஸ்பிரிங்தானே, மாறும்," என்றார்.

பிறகு நான் அந்த ஊரை விட்டு டீட்டிகோனுக்குக் குடிவந்துவிட்டேன். வான்கூவரில் எனக்கு ஒருவரும் இல்லை. ஆனாலும் ஞாயிறுகளில் அந்த ஊர் வானிலையைப் பார்க்கிறேன். மழையென்று போட்டிருந்தால் மனம் ஆறுகிறது.