மங்கோலியர் ஜெயித்த சாயங்காலம்

ஜாபர் பாய் போய்விட்டார். இன்று அதிகாலை தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டாராம்… ஹார்ட் அட்டாக்.

கணபதி ஏரியாவில் நான் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் பதினாறு வருடமாக எனக்குப் பக்கத்து டேபிள். இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் ஒரு நூல் பிசகினாலும் சிவப்பு ரிஜெக்ட் டேக் கட்டிவிடுகிற மனிதர்.

நின்றபடியே மொபைலில் எழுதுகிறேன். தப்பும் தவறுமாக டைப் ஆனால் மன்னியுங்கள்.

எங்கள் நாலு மணி டீ நேரச் சண்டை கம்பெனி முழுக்கப் பிரசித்தம். சரித்திரத்தில் எந்தப் பேரரசு பெரிய கை? ரோமா, சோழரா, முகலாயரா, வெள்ளைக்காரனா… ராஜாக்கள் எல்லாம் செத்து மண்ணாகிவிட்டார்கள். அவர்களுக்காக நாங்கள் வடையை ஆறவிட்டுக்கொண்டிருப்போம்.

படை, பரப்பளவு என்று நான் மொபைலில் மேப் காட்டுவேன். பாய் அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்.

"ஏனுங்க செந்திலு, பம்பு நல்ல பம்பான்னு கெணத்து மேட்டுல நின்னா பார்ப்பீங்க? கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேருதான்னுதானுங்க பார்க்கோணும். பேரரசும் அப்படித்தானுங்க. தலைநகரத்துல போட்ட உத்தரவை எல்லையில இருக்கறவன் மதிக்கிறானா?"

அவர் ஓட்டு எப்போதும் ரோமுக்கு. "ஒரு சிப்பாயைக்கூட அனுப்பலீங்க. அவங்க காசு நம்ம வெள்ளலூர் வரைக்கும் வந்து, தோண்டுனா கெடைக்குது. இதுக்கு மேல என்னங்க வேணும்?" சோழர் கட்சிக்காரனான நான் மறுபடி மேப்பைத் தேடினேன். என் டிபன் பாக்ஸில் ரிஜெக்ட் டேக் கட்டிவிட்டுப் போனார்.

எங்களுக்குள் ஒரே ஒரு ரூல். வாக்குவாதம் முடியும் முன் பெஞ்சை விட்டு எழுந்தவன் தோற்றவன்.

ஒருமுறை மேனேஜர் வந்து கூப்பிட்டும் பாய் எழவில்லை. "அவுரங்கசீப்பு தக்காணத்துல மாட்டிக்கிட்டாருங்க சார், ரெண்டு நிமிசம்" என்றார். மேனேஜரே சிரித்துவிட்டார்.

நேற்று மங்கோலியர் என் பக்கம், வெள்ளைக்காரன் அவர் பக்கம். அபூர்வமாக நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்… "செந்திலு, தோளு ஒரு மாதிரி இழுக்குதுங்க. கொஞ்சம் எந்திரிச்சு நடந்துட்டு வாரேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எந்திரிச்சா தோல்விங்க பாய்! குதிரைச் சத்தம் கேட்டதும் ஓடப் பாக்கறீங்களா?"

சிரித்தார். "செரி செரி, உக்காந்துட்டேன் போங்க" என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரம்… நெற்றியெல்லாம் வேர்வை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டுதான் எழுந்தார். நான் கைதட்டினேன்.

இன்று காலை கோட்டைமேட்டில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓடினேன். மகள் நஸீமா வாசலுக்கு வந்து கேட்டாள்.

"மாமா, நேத்து அத்தா ஆபீஸ்ல முடியலைன்னு ஏதாச்சும் சொன்னாங்களா? அம்மா கேக்கச் சொன்னாங்க. நான்தான் கவனிக்காம உட்டுட்டேன்னு அழுதுட்டே இருக்காங்க."

"இல்லையே கண்ணு… நல்லாத்தானே இருந்தாரு."

என் வாயிலிருந்துதான் வந்தது. பயத்தில் பொய் சொல்லிவிட்டேன்.

மதியம் அடக்கம் முடிந்தது. எல்லோரும் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் கோட்டைமேட்டுத் தெரு முனையில் பைக்கை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரமாக நிற்கிறேன். நாலு வீடு தள்ளித்தான் பாய் வீடு.

நேற்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்… நஸீமாவும் இதைத்தான் கேட்பாள்.

போஸ்ட் செய்துவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

நஸீமா, நீ என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறாய். அம்மாவிடம் சொல்லிவிடு கண்ணு. அவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அத்தா சொன்னார். என்னிடம்தான் சொன்னார்.

இப்போது வந்து உங்கள் கதவைத் தட்டப் போகிறேன். திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம்.

போய் வாருங்கள் பாய்… எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.