அக்டோபரில் பனி இருக்காது

எங்கள் குடும்பத்தில் பனி கொட்டுவதை முதலில் பார்த்தவர் சித்தப்பா. பார்த்தது தொலைக்காட்சியில்தான். என் அம்மாவின் தங்கையான சித்தி, கொரிய நாடகங்களில் ஒன்றைக்கூட விடமாட்டாள். மலேசியாவில், கிள்ளானில் இருந்த அவர்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் அந்த ஊர்க்காரர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பிரிவார்கள், சேர்வார்கள், மறுபடியும் பிரிவார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா அழுகிறவர்களைக் கண்டுகொள்ளவே மாட்டார். அவர்களுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருக்கும் பனியைத்தான் பார்ப்பார். ஒருநாள் நாடகத்தில் யாரோ மலையுச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டு வர, சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சாவதற்குள் இதை ஒரு தடவையாவது செய்துவிட வேண்டும் என்றார். அவர் எதைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான் பேசுவார் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குளிரைப் பற்றிப் பேசுவதற்கு அவருக்கு ஒரு தகுதி இருந்தது. ஷா ஆலமில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். உறைந்த மீனும் கோழியும் அடுக்கிவைத்திருக்கும் இடம். அதற்காகக் கம்பெனியில் கொடுத்த ஆரஞ்சு நிற மேலங்கி ஒன்று அவரிடம் இருந்தது. பஞ்சு வைத்துத் தைத்து, முழங்கால் வரை தொங்கும். எவ்வளவு துவைத்தாலும் மீன்வாசம் போகாது. வெயில் மண்டையைப் பிளக்கிற கிள்ளானில் அதைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, தினமும் மைனஸ் இருபதில் நிற்கிறவனுக்குக் கொரியா எம்மாத்திரம் என்று கேட்பார்.

நாங்கள் இருந்தது பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில். சனிக்கிழமையானால் அம்மாவும் நானும் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போய்விடுவோம். சித்திக்குப் பிள்ளை இல்லை. அதனால் வார இறுதிகளில் நான் அவர்கள் வீட்டுப் பிள்ளை. எனக்கு அப்போது பத்து வயது. சித்தப்பாவின் திட்டங்களுக்கெல்லாம் அந்த வீட்டில் முதல் பலி நான்தான்.

பனிச்சறுக்குப் பயிற்சி கார் நிறுத்தும் முன்வாசலில் நடந்தது. கிடங்கிலிருந்து கொண்டுவந்த இரண்டு பலகைகளை இழைத்து, முனையைச் செதுக்கி, என் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்துகளைப் பிளாஸ்டிக் கயிற்றால் அதில் கட்டியிருந்தார். டைல்ஸ் தரையில் சவர்க்காரத்தூளைக் கரைத்து ஊற்றினால் வழுக்கும் பாருங்கள், அதற்கு எந்தப் பனியும் ஈடாகாது. கையில் ஊன்றிக்கொள்ள இரண்டு மாப்புக் கட்டைகள். சித்தப்பா கேட் பக்கம் நின்றுகொண்டு மூன்றே மூன்று பாடம் சொல்லிக்கொடுப்பார்.

"முட்டிய மடக்கு. கீழ பாக்காத, முன்னால பாரு. விழப்போறோம்னு தெரிஞ்சிட்டா பயப்படாத, சும்மா உக்காந்துரு."

நான் உட்கார்ந்துகொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வேலியோரம் வந்து நின்று பார்ப்பார். ஒரு வாரச் சவர்க்காரத்தை ஒரே நாளில் கரைத்துவிட்டாரே என்று சமையலறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சித்தி கத்துவாள். சித்தப்பா அவளையும் கூப்பிடுவார். உங்களுக்குத்தான் வேலையில்லை, எனக்குமா என்பாள். ஒருநாள்கூட அவள் வெளியே வந்து அந்தப் பலகையில் கால் வைத்ததில்லை.

எப்போது போவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. சித்தப்பா அதை ஆராயாத இடம் பாக்கியில்லை. யூடியூபில் பார்த்தார். பங்சாரில் பயண ஏற்பாடு செய்கிற ஒருவரிடம் போய் மணிக்கணக்கில் பேசிவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தார். அக்டோபரில் பனியே இருக்காது. நவம்பர் கடைசியில் இயந்திரத்தை வைத்துப் பனி செய்து கொட்டுவார்களாம், அது அவருக்கு ஏமாற்று வேலையாகப் பட்டது. டிசம்பரில் பாதி மலேசியா அங்கேதான் நிற்கும். பிப்ரவரி கடைசியில் உருகத் தொடங்கிவிடும். ஆக, ஜனவரிதான் அசல் மாதம். ஆனால் ஜனவரியில் தைப்பூசம் வந்து நிற்கும். சித்தப்பா ஆண்டுதோறும் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறவர். விரதத்தோடு கொரியாவுக்குப் போனால் அங்கே வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தைப்பூசம் சில ஆண்டுகளில் பிப்ரவரிக்குத் தள்ளிப் போகும். அடுத்த ஆண்டு அப்படித்தான் வருகிறது என்று கோயிலில் கேட்டுக்கொண்டு வந்தார். ஜனவரியில் போய்ச் சறுக்கிவிட்டு வந்து, குளித்து முழுகி, விரதத்தைத் தொடங்கலாம். முருகனே தேதியை ஒதுக்கிக்கொடுத்துவிட்டான் என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் அப்போதுதானே திறந்திருக்கும் என்று அப்பா இழுத்ததற்கு, ஒரு வாரம் லீவு போட்டால் பள்ளிக்கூடம் ஓடியா போய்விடும் என்று கேட்டார். அடுத்த ஜனவரி என்று முடிவாயிற்று. நான் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

சித்திரை பிறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, வேலையிடத்தில் சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். விழவில்லை, அப்படியே உட்கார்ந்தார் என்று கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் சிரிப்புதான் வரும். பிறகுதான் அழுகை வரும். அந்த நாட்களில் எனக்கு இரண்டும் வரவில்லை. மாலை போட்ட படம் ஒன்று கூடத்தில் இருந்தது. அதில் இருந்தவர் சித்தப்பாவைப் போல இருந்தார், அவ்வளவுதான்.

தீபாவளி என்றால் எங்களுக்குச் சித்தி வீடுதான். காலையிலேயே முன்வாசலில், எனக்குப் பயிற்சி நடந்த அதே இடத்தில், சித்தப்பா அடுப்பை மூட்டி ஆட்டுக்கறிக் குண்டானை ஏற்றிவிடுவார். கிடங்கில் வேலை செய்கிற மலாய்க்காரர்கள், சீனர்கள், நேப்பாளத்துப் பையன்கள், தெருக்காரர்கள் என்று சாயங்காலம் வரை கேட் மூடப்படாது. கரண்டியும் கையுமாக நின்று, வருகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். துக்க வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை என்பதால் அந்த ஆண்டு அதெல்லாம் கிடையாது. ஆனால் தீபாவளிக்கு முதல்நாள் இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைக்க வேண்டும். சித்தப்பாவின் அண்ணன், அக்கா குடும்பங்கள் எல்லாரும் அதற்கு வருவதாக இருந்தார்கள். தீபாவளியன்றும் சித்தியைத் தனியாக விடாமல் ஆளுக்கொரு பலகாரத்தோடு வந்து கூட உட்கார்ந்திருப்பதாக ஏற்பாடு. யாரிடமும் ஒரு தப்பும் சொல்ல முடியாது, அத்தனை பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆடி மாதத்திலிருந்தே சித்திக்கு வருகிற ஒவ்வொரு தொலைபேசியிலும், முதல் தீபாவளி, முதல் தீபாவளி என்ற பேச்சுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொரியாவுக்குப் போகிறோம், அவளும் அம்மாவும் நானும், டிக்கெட் போட்டாயிற்று என்றாள். நான் துள்ளிக் குதித்தேன். எப்போது என்று அப்பா கேட்டார். தீபாவளி வாரத்தில் என்றாள் சித்தி. தீபாவளி அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் வந்தது.

இப்போது எழுதும்போது எல்லாம் வரிசையாக, கண்ணெதிரே நிற்கிறது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அக்டோபரில் பனி இருக்காது.

"சித்தி, அக்டோபர்ல ஸ்நோ இருக்காது. சித்தப்பா ஜனவரின்னுதான் சொன்னாரு."

"தெரியும்மா" என்றாள்.

தெரிந்துகொண்டே தப்பான மாதத்தில் ஒருவர் ஏன் போக வேண்டும்? அப்பாவும் என் பக்கம்தான் பேசினார். இவ்வளவு செலவு செய்து அங்கே போய்ப் புல்லையா பார்ப்பது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் பனியே இருக்குமே என்று கணக்காக எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். கையில் தேத்தண்ணீரோடு திரும்பி வந்த அப்பா, அக்டோபரும் நல்ல மாதம்தான், குளிர் அவ்வளவாக இருக்காது என்றார். பெரியவர்கள் இப்படி நின்ற நிலையில் கட்சி மாறுவதைப் பார்த்து நான் வெறுத்துப்போனேன். சித்தப்பா பக்கம் நிற்க அந்த வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று தோன்றியது.

சித்தப்பாவின் சொந்தக்காரர்களுக்கு வருத்தம். புருஷனுக்கு இலை போடாமல் ஊர் சுற்றப் போகிறாளாம் என்று ஒரு பேச்சு பூச்சோங் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. படையலை வருஷத் திதியோடு சேர்த்துச் செய்துகொள்கிறேன் என்று சித்தி ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் யாருடைய தொலைபேசியையும் எடுக்கவில்லை.

கொரியாவில் மரங்களெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இருந்தன. அம்மா அதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இலை உதிர்வதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? சித்தி அந்தக் குளிருக்குச் சித்தப்பாவின் ஆரஞ்சு மேலங்கியைக் கொண்டுவந்திருந்தாள். கை நீளமாகி விரல் தெரியாது. கடைகளில் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். மீன்வாசம் கொரியாவரைக்கும் வந்துவிட்டது என்று அம்மா கேலி செய்தாள். சித்தி காலரை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தீபாவளியன்று காலையில் பனிச்சறுக்கு மலைக்குப் போனோம். சித்தப்பா யூடியூபில் பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்திருந்த அதே இடம். மலை இருந்தது. அதன் மேல் காய்ந்த புல் இருந்தது. கம்பியில் தொங்கிய நாற்காலிகள் ஆடாமல் அசையாமல் நின்றன. ஏணியில் நின்று கம்பத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டு, விரல்களை மேலிருந்து கீழே ஆட்டிப் பனி விழுவதைப் போலக் காட்டி, பிறகு இல்லை என்று கையை விரித்தார். இதைத்தானே நான் அன்றைக்கே சொன்னேன். வீட்டில் இருந்திருந்தால் அப்பாவோடு அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போய் மத்தாப்பாவது கொளுத்தியிருப்பேன். தீபாவளியும் போயிற்று, பனியும் போயிற்று. நான் ஒரு பெஞ்சில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெஞ்சுக்கு எதிரே, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக ஒரு மேடை போட்டிருந்தார்கள். பின்னால் பனிமலை வரைந்த தட்டி. முன்னால் பலகையில் ஆணியடித்துப் பதித்த, கால் நுழைக்க வாருள்ள இரண்டு சறுக்குக் கட்டைகள், பக்கத்தில் ஊன்றிக்கொள்ள இரண்டு கோல்கள். நீயாவது போய் நில், ஒரு படம் எடுக்கிறேன் என்று அம்மா கெஞ்சினாள். ஆணியடித்த கட்டையில் நான் ஏறமாட்டேன் என்றேன்.

சித்தி ஏறினாள். ஏறி, இரண்டு கட்டைகளிலும் காலை நுழைத்து, கோல்களைப் பிடித்துக்கொண்டாள். முட்டியை மடக்கினாள். கீழே பார்க்காமல் நேராக முன்னால் பார்த்தாள். அச்சு அசலாகச் சித்தப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி. ஓர் ஆண்டு சவர்க்காரத்தில் விழுந்து எழுந்த எனக்கே அது அவ்வளவு சரியாக வந்ததில்லை. கோபத்தையெல்லாம் மறந்து நான் எழுந்து கிட்டே போனேன்.

"சித்தி, நீங்க ஒருநாள்கூட கத்துக்கலையே. எப்படித் தெரியும்?"

"ஜன்னலுக்குப் பின்னால யாரு நின்னான்னு நெனச்ச?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சித்தப்பா போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. கோல்களை விட்டுவிட்டு, கட்டையில் கால் இருக்க, அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆரஞ்சுக் காலரை முகம் மறைய இழுத்துக்கொண்டு அழுதாள். கத்தி அழுதாள். சாயம் பூசுகிறவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி கம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு யாரும் அங்கே இல்லை. அம்மா ஓடி வரவில்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, அந்தக் காய்ந்த மலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் பாவமாகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்து பனி இல்லாமல் ஏமாந்துபோனாளே, என் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைத் தேடினேன். மேலங்கிக்குள்ளே எங்கேயோ இருந்தது.

"அழாதீங்க சித்தி. அடுத்த தடவ சரியான மாசத்துல வரலாம்."

அவள் வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை அந்த மீன்வாசத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"இதான்மா சரியான மாசம்" என்றாள்.

எடுத்த முடிவு தப்பு என்று ஒத்துக்கொள்ளச் சித்திக்கு மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பெரியவளாயிற்றே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.